மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஒரு ரோபோ: எந்தக் கிட்டை வாங்கலாம்?

கத்திரி வெயில் நேரத்தில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தோம். மாடியில் 12 தொட்டிகள். திரும்பி வந்து பார்த்தபோது தக்காளியும் புதினாவும் கருகிக் கிடந்தன. கத்தரி மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்திருந்தது. பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்கள். தினமும் இரண்டு மாடி ஏறி வந்து தண்ணீர் ஊற்றச் சொல்ல மனம் வரவில்லை.

அன்றைக்குத்தான் அந்த வேலையை ஒரு சின்ன ரோபோவிடம் கொடுப்பது என்று முடிவு செய்தேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு ரோபோ கிட், அதாவது பாகங்களை நாமே மாட்டிச் செய்யும் பெட்டி, இருந்தது. நான்கு சக்கர வண்டி, முன்னால் இரண்டு கண் மாதிரி ஒரு சென்சார், சுவர் எதிரே வந்தால் தானே திரும்பிக்கொள்ளும். பையன் அதில் நிறையக் கற்றுக்கொண்டான். ஆனால் தொட்டிக்குத் தண்ணீர் விடும் வேலைக்கு அதிலிருந்து எடுக்க முடிந்தது மூளையாக இருக்கும் போர்டும், மோட்டாரை ஓட்டும் மோட்டார் டிரைவர் என்ற துண்டும், கொஞ்சம் வயரும்தான். கிட்டை வாங்கிவிட்டு அதற்கு வேலை தேடினால் இப்படித்தான் முடியும். வேலையை முதலில் அளந்துவிட்டு அப்புறம் கிட்டைத் தேட வேண்டும்.

சக்கரமே இல்லாததை ரோபோ என்று சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். சுற்றியிருப்பதை உணர்வது, அதை வைத்து முடிவெடுப்பது, அப்புறம் ஒரு வேலையைச் செய்வது. இந்த மூன்றும் இருந்தால் அது ரோபோதான். மண் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் விடலாமா என்று முடிவெடுத்து, பம்ப்பை ஓட்டி, சரியான நேரத்தில் நிறுத்தும் பெட்டி மூன்றையும் செய்கிறது. வீட்டு வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு ரோபோ நகர வேண்டிய தேவையே இல்லை. இதை ஒப்புக்கொண்டால் பாதிச் செலவு குறையும்.

முதல் படி: இந்த வேலைக்குக் கிட் ஒத்துவருமா?

வீடு கூட்டுவதற்குக் கிட் வாங்காதீர்கள். ரூம்பா என்ற தரை சுத்தம் செய்யும் ரோபோ 2002இல் வந்தது. அதிலிருந்து இந்த வகை ரோபோக்களை எத்தனையோ நிறுவனங்கள் செதுக்கிக்கொண்டே வருகின்றன. உறிஞ்சும் மோட்டார், தூசிப் பெட்டி, தானே போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொள்வது, மேசைக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் வெளியே வருவது என்று எல்லாம் சேர்ந்த வேலை அது. கற்றுக்கொள்வதற்காகச் செய்து பார்க்கலாம். வீடு சுத்தமாக வேண்டுமென்றால் கடையில் வாங்குவதே சிக்கனம்.

பொருளை எடுத்து வைக்கும் கை கிட்டிலும் எச்சரிக்கை வேண்டும். விலை குறைந்த கைகளில் பெரும்பாலும் எஸ்.ஜி.90 என்ற சின்ன நீல நிற சர்வோ மோட்டார்தான் இருக்கும். அதன் திறன் 4.8 வோல்ட்டில் சுமார் 1.8 கிலோ-சென்டிமீட்டர். அதாவது அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 1.8 கிலோவைத் தாங்கும். கை 15 செ.மீ. நீளம் என்றால் கணக்கு 120 கிராமுக்கு இறங்கிவிடும். அதிலும் கையின் சொந்த எடை போக வேண்டும். போதாததற்கு, இது மோட்டார் திணறி நிற்கும் இடத்தின் கணக்கு. ஒரு டம்ளர் தண்ணீரே 200 கிராம் இருக்கும். ஆகவே அந்தக் கை ஒரு ரப்பரையோ பேனா மூடியையோ தூக்கும், அவ்வளவுதான்.

மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மோட்டார் போடுவது நல்ல வேலைதான். ஆனால் அங்கே 230 வோல்ட் வருகிறது. மட்டத்தை அளந்து சத்தம் கொடுக்கும் வரை நீங்களே செய்யலாம். மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். முதல் திட்டமாக அதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

செடிக்குத் தண்ணீர் விடுவது புதியவர்களுக்கு ஏற்ற வேலை. 12 வோல்ட்டுக்கு மேல் எதையும் தொட வேண்டாம். தப்பு நடந்தால் தரை நனையும், இல்லையென்றால் செடி வாடும். பெரிய ஆபத்து இல்லை.

இரண்டாம் படி: வேலையை எண்களில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். எத்தனை தொட்டி, ஒன்றுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள், தண்ணீர் இருக்கும் இடத்துக்கும் கடைசித் தொட்டிக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், பிளக் பாயின்ட் எங்கே, வைஃபை எட்டுமா என்று எழுதுங்கள். வைஃபை பற்றி ஊகிக்க வேண்டாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டி வரப்போகும் இடத்திலேயே நின்று பாருங்கள்.

எங்கள் கணக்கு இப்படி வந்தது: 12 தொட்டி, வெயில் காலத்தில் ஒன்றுக்கு நாளொன்றுக்கு முக்கால் லிட்டர், மொத்தம் 9 லிட்டர். நான்கு நாளுக்கு 36 லிட்டர். அப்படியானால் வாளி பத்தாது, 50 லிட்டர் டிரம் வேண்டும். இந்த ஒரு கணக்கே பல கிட்டுகளைத் தள்ளிவிட்டது. செடிக்குத் தண்ணீர் விடும் கிட் என்று விற்பவற்றில் பெரும்பாலும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் 3 முதல் 6 வோல்ட் குட்டிப் பம்ப்தான் வருகிறது. மேசை மேல் இருக்கும் இரண்டு மூன்று தொட்டிக்கு அது போதும். அது தண்ணீரை ஏற்றும் உயரம் ஒரு மீட்டருக்குள்தான். மெல்லிய குழாயில் 12 கிளைக்குப் பிரித்தால் கடைசித் தொட்டிக்குச் சொட்டுக்கூடப் போகாது.

நான் எடுத்தது ஆர்.385 என்ற 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப். விற்பவர்கள் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் என்று போட்டிருப்பார்கள். எங்கள் மாடியில் குழாயையும் கிளைகளையும் மாட்டி, பாட்டிலில் பிடித்து அளந்தபோது நிமிடத்துக்கு ஒரு லிட்டர்தான் வந்தது. நீங்களும் அளந்த எண்ணை நம்புங்கள், அட்டையில் இருப்பதை அல்ல. நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 9 நிமிடம் ஓட வேண்டும். இந்த 9 நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மூன்றாம் படி: போர்டு

கிட்டின் விலை எதுவாக இருந்தாலும் உள்ளே என்ன போர்டு இருக்கிறது என்று பாருங்கள். பெயரே போடாத கிட்டை வாங்க வேண்டாம். நாளைக்கு ஏதாவது ஓடவில்லை என்றால் எதைத் தேடி உதவி கேட்பது?

இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் 2005இல் மாணவர்களுக்காகத் தொடங்கியது அர்டுயினோ என்ற போர்டு வரிசை. அதன் ஊனோ போர்டுதான் இன்றைக்கும் புதியவர்களுக்கு என் முதல் பரிந்துரை. ஊனோ ஆர்3 என்ற பழைய மாடல் 5 வோல்ட்டில் ஓடுகிறது, 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், 2 கிலோபைட் நினைவகம். கேட்க மிகக் குறைவாகத் தெரியும். ஆனால் மண்ணைப் பார்த்துப் பம்ப் ஓட்ட இது தாராளம். வயரைத் தப்பாக மாட்டினாலும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அதே வடிவமைப்பில் வேறு ஆட்கள் செய்த போர்டுகளும் கிடைக்கும், விலை பாதிக்கும் கீழே. அவற்றில் பலவற்றில் சி.எச்.340 என்ற யு.எஸ்.பி. சிப் இருக்கும். கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் பயப்பட வேண்டாம், அந்த சிப்புக்கான டிரைவர் மென்பொருளைப் போட்டால் சரியாகிவிடும்.

போனில் பார்க்க வேண்டும், ஊரிலிருந்தே நிலைமை தெரிய வேண்டும் என்றால் ஈ.எஸ்.பி.32 போர்டு உள்ள கிட். வைஃபை, புளூடூத் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இது 3.3 வோல்ட் போர்டு, 5 வோல்ட் சிக்னலை நேராகக் கொடுத்தால் கெட்டுப்போகலாம். இரண்டாவது, பலர் நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வது: சென்சார் வயரை மாட்டி அளவைப் படிக்கும் இதன் அனலாக் பின்கள் இரண்டு குழுவாக இருக்கின்றன, வைஃபை ஓடும்போது இரண்டாம் குழுவில் சென்சார் அளவை நம்பிப் படிக்க முடியாது. மண் சென்சாரை 32 முதல் 39 வரை எண்ணுள்ள பின்களில் மாட்டினால் இந்தத் தொல்லை வராது.

சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் மைக்ரோபிட் என்ற குட்டி போர்டு உள்ள கிட் அழகாக இருக்கும். கட்டம் கட்டமாக நகர்த்தி நிரல் எழுதலாம். லெகோவின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் கிட்டைப் பழையதாக யாராவது கொடுத்தால் விளையாட வைத்துக்கொள்ளுங்கள். 1998இல் வந்த அந்த வரிசையை 2022 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். மாடியில் வெயிலிலும் நீரிலும் நிற்கும் வேலைக்கு அது செய்யப்பட்டதும் அல்ல.

நான்காம் படி: சென்சாரில் கஞ்சத்தனம் வேண்டாம்

மண் ஈரம் பார்க்கும் சென்சாரில் இரண்டு வகை. முள்கரண்டி மாதிரி இரண்டு கால்கள் பளபளவென்று இருப்பது ஒன்று. அது மண்ணுக்குள் மின்சாரத்தை விட்டு எவ்வளவு கடக்கிறது என்று பார்க்கிறது. ஈர மண்ணில் தொடர்ந்து மின்சாரம் போனால் அந்தக் கால்கள் அரித்துப் போகும். சில வாரத்திலேயே பூச்சு போய், பச்சை பூத்து, எண்ணெல்லாம் தாறுமாறாக வரும். மலிவான கிட்டுகளில் இதுதான் இருக்கும்.

இன்னொன்று கெபாசிட்டிவ் வகை. உலோகம் வெளியே தெரியாது, ஒரே பட்டையாக இருக்கும். இதைத்தான் வாங்க வேண்டும். கிட்டில் முதல் வகை இருந்தால் இதைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பட்டையின் மேல் பாதியில் ஒரு கோடு போட்டிருக்கும். அதற்கு மேலே இருக்கும் சின்னச் சின்னப் பாகங்கள் நனையக் கூடாது. நெயில் பாலிஷை இரண்டு கோட்டிங் அடித்து, மேலே சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடினேன். பட்டையின் ஓரங்களிலும் பாலிஷ் அடியுங்கள், ஈரம் அங்கேதான் ஏறும்.

அப்புறம் அளவு பிடிப்பது. காற்றில் வைத்து ஒரு எண், தண்ணீரில் வைத்து ஒரு எண் என்று எல்லாரும் சொல்வார்கள். அதைச் செய்யுங்கள். ஊனோவில் எண் 0 முதல் 1023 வரை, ஈ.எஸ்.பி.32இல் 0 முதல் 4095 வரை. கெபாசிட்டிவ் சென்சாரில் ஈரம் கூடக் கூட எண் இறங்கும். ஆனால் இந்த இரண்டு எண்ணுக்கு நடுவே எங்கே தண்ணீர் விடத் தொடங்குவது?

அதை எனக்குச் சொன்னது அம்மாதான். “மண்ணத் தொட்டுப் பாத்தா தெரியாதாப்பா, இதுக்கு ஒரு மிஷினா?” என்று கேட்டார். “நீங்க தொட்டுப் பாத்துச் சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கறேன்” என்றேன். பத்து நாள் காலையில் அம்மா விரலை மண்ணில் விட்டு, “இன்னிக்கு வேண்டாம்”, “இப்ப ஊத்தணும்” என்று சொல்வார். அந்த நேரத்தில் சென்சார் காட்டிய எண்ணை நான் குறித்துக்கொள்வேன். “ஊத்தணும்” என்று சொன்ன நாட்களின் எண்களெல்லாம் ஒரே இடத்தில் குவிந்தன. அந்த எண்ணைத்தான் நிரலில் போட்டேன். உங்கள் வீட்டில் செடி வளர்ப்பவர் யாரோ அவர் விரலை வைத்து அளவு பிடியுங்கள். தேங்காய் நார்க் கழிவு கலந்த மண்ணுக்கு ஒரு எண் வரும், வெறும் செம்மண்ணுக்கு வேறு எண் வரும். இன்னொருவர் எண் உங்களுக்கு உதவாது.

ஐந்தாம் படி: மின்சாரம்

பல கிட்டுகளில் 9 வோல்ட் சதுர பேட்டரியும் அதற்கு ஒரு கிளிப்பும் கொடுத்துவிடுவார்கள். அதை நம்பிப் பம்ப் ஓட்டாதீர்கள். அதில் இருக்கும் மின்சாரம் குறைவு, சுமார் 500 மில்லியாம்ப்-மணி, மோட்டார் கேட்கும் அளவுக்கு வேகமாகவும் கொடுக்காது. 18650 லித்தியம் செல் வேலை செய்யும், ஆனால் பாதுகாப்பு சர்க்யூட் இல்லாமல் சார்ஜ் போடுவதும், வெயில் நேராகப் படும் பெட்டியில் வைப்பதும் ஆபத்து. ஆளில்லாத வீட்டு மாடியில் அதை வைக்க நான் ஒப்பமாட்டேன்.

பிளக் பாயின்ட் பக்கத்தில் இருந்தால் 12 வோல்ட், 2 ஆம்ப் அடாப்டர்தான் சரி. பம்ப்புக்கு நேராக 12 வோல்ட், போர்டுக்கு வோல்டேஜைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் ஒன்றை வைத்து 5 வோல்ட். அடாப்டர் சின்னதாக இருந்தால் பம்ப் கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கி, போர்டு அணைந்து மறுபடி உயிர் பெற்று, திரும்பவும் பம்ப்பைப் போட்டு, திரும்பவும் அணையும். நிரலில் தப்பு என்று நினைத்து நாள் முழுக்கத் தேடுவீர்கள். அடாப்டரை மாற்றினால் போய்விடும். அடாப்டர் மழை படாத இடத்தில், தரையிலிருந்து உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. இல்லையென்றால் முதலில் அதைப் போட்டுவிட்டு மாடிக்கு லைன் கொண்டுபோங்கள்.

ஆறாம் படி: எப்படி நிற்கும்?

தண்ணீர் விடத் தொடங்குவது சுலபம். நிறுத்துவதில்தான் இந்த வேலையே இருக்கிறது. கிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது “இது எப்படி ஓடும்” என்று கேட்பதைவிட “இது எதெதற்கெல்லாம் நிற்கும்” என்று கேட்டுப் பாருங்கள்.

சென்சார் மண்ணிலிருந்து நழுவி வெளியே விழுந்தால்? காற்றில் இருக்கும் சென்சார் “காய்ந்திருக்கிறது” என்றுதான் சொல்லும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் சென்சார் என்ன சொன்னாலும் ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம்தான் என்று ஒரு வரம்பு நிரலில் இருக்க வேண்டும். எங்களுக்குத் தேவை 9 நிமிடம், வரம்பு 12 நிமிடம். சென்சார் பொய் சொன்னாலும் நாளுக்கு 12 லிட்டர்தான் போகும். 50 லிட்டர் டிரம் நான்கு நாளைத் தாண்டிவிடும்.

கரண்ட் போய் வந்தால்? போர்டு முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். காலை 6 மணிக்கு என்று நீங்கள் நினைத்தது மதியம் ஆகிவிடும். ஊனோ ஆர்3இல் கடிகாரம் கிடையாது. அதனால் டி.எஸ்.3231 என்ற கடிகாரத் துண்டு கிட்டில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் சேர்த்து வாங்குங்கள். காயின் செல் இருப்பதால் மின்சாரம் போனாலும் நேரம் தவறாது. ஈ.எஸ்.பி.32 இணையத்திலிருந்து நேரம் வாங்கிக்கொள்ளும், ஆனால் வீட்டு மோடமும் கரண்டில்தானே ஓடுகிறது. இன்னொன்று: இன்று எத்தனை நிமிடம் ஓடியது என்ற கணக்கும் அழிந்துபோகும், வரம்பு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதை அழியாத நினைவகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஊனோவில் அதற்கு 1 கிலோபைட் இடம் இருக்கிறது.

டிரம்மில் தண்ணீர் தீர்ந்தால்? தண்ணீர் மட்டத்தோடு ஏறி இறங்கும் ஃப்ளோட் ஸ்விட்ச் ஒன்று போதும். மட்டம் இறங்கினால் பம்ப் ஓடக் கூடாது.

போர்டு சொல்லும்போது பம்ப்பை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்சாகக் கிட்டில் இருப்பது ரிலே என்றால் ஒன்றைச் சோதியுங்கள். பல ரிலேக்கள் தலைகீழாக வேலை செய்யும், போர்டு சிக்னலை இறக்கினால்தான் ஆன் ஆகும். போர்டு கிளம்பும் நொடியில் பம்ப் ஒரு தடவை துள்ளுகிறதா என்று பம்ப்பை மாட்டுவதற்கு முன்பே ரிலேயின் விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இதெல்லாம் செய்த பிறகும் எனக்கு ஒரு நாள் டிரம் காலியாகியிருந்தது. பம்ப் ஓடியது மூன்றே நிமிடம், நிரல் சரி, ரிலே சரி. டிரம்மை ஒரு மேடை மேல் வைத்திருந்தேன், தொட்டிகள் கீழே. பம்ப் நின்ற பிறகும் குழாய் வழியாகத் தண்ணீர் தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோலைக் குழாய் வைத்து உறிஞ்சி இறக்குவோமே, அதே சைஃபன். இதை எந்தச் சென்சாரும் தடுக்காது. டிரம்மைத் தரையில் இறக்கி, குழாயின் முனைகள் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக இருக்கும்படி தொட்டிகளை ஸ்டாண்டில் ஏற்றினேன். அதற்கு இடமில்லாதவர்கள் குழாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வளைத்து, அந்த உச்சியில் ஊசியால் ஒரு சின்ன ஓட்டை போட்டுப் பார்க்கலாம். பம்ப் நின்றதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். பம்ப் ஓடும்போது அந்த ஓட்டையிலிருந்து கொஞ்சம் பீறிடும் என்பதால் அதை டிரம்முக்கு நேர் மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வாங்கும்போது

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. நேரில் போவதில் ஒரு நன்மை, கிட்டைப் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பாகமும் தனியாகவும் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒரு சென்சார் போனால் முழுக் கிட்டையும் மறுபடி வாங்க முடியாது. நிரல் எங்கே கிடைக்கும், அதை நாம் திறந்து திருத்த முடியுமா என்று கேளுங்கள். போன் ஆப் வழியாக மட்டும்தான் ஓடும் என்றால் வேண்டாம், அந்த ஆப் நின்றுபோனால் கிட்டும் நின்றுபோகும். மல்டிமீட்டர் ஒன்றைக் கூடவே வாங்கிவிடுங்கள், சாதாரணமானதே போதும். வயர் உள்ளே அறுந்திருக்கிறதா, 5 வோல்ட் உண்மையிலேயே 5 வோல்ட்தானா என்று பார்க்க வேறு வழி இல்லை.

ஓட்டைகள் நிறைந்த பிரெட்போர்டு என்ற பலகையில் குத்தி வைத்த வயர்கள் மேசை மேல் சோதிக்கத்தான். மாடிக் காற்றுக்கும் ஈரத்துக்கும் அவை நிற்காது. எல்லாம் சரியாக ஓடிய பிறகு சால்டர் வைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடையுங்கள். வயர்கள் டப்பாவின் அடிப்பக்கத்திலிருந்து உள்ளே போகட்டும், அப்போதுதான் மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்காது.

மாடிக்கு ஏற்றிய பிறகு உடனே ஊருக்குக் கிளம்ப வேண்டாம். வீட்டில் இருந்துகொண்டே ஐந்து நாள் செடிகளைத் தொடாமல் விடுங்கள். அந்த ஐந்து நாளில் ஒரு தடவை மெயின் ஸ்விட்சை அணைத்துப் போடுங்கள், ஒரு தடவை சென்சாரைப் பிடுங்கி வெளியே வையுங்கள், ஒரு தடவை டிரம்மைக் காலி செய்து பாருங்கள். மூன்றிலும் பம்ப் நின்றதா, மறுநாள் காலை 6 மணிக்குத் தானாகக் கிளம்பியதா என்று தினமும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஐந்தாம் நாள் காலை அம்மா எல்லாத் தொட்டியிலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த மிளகாய்த் தொட்டியில் மட்டும் ஈரம் குறைவு என்றார். அந்தக் கிளைக் குழாய் மடங்கியிருந்தது.